நிறபேதம் அறியாத கண்ணும் நமது தொழிலும்

நெசவாளிக்குத் தறியும் நூலும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமானது நிறத்தைப் பகுத்துணரும் கண். பாவுக்கு அரக்கு, ஊடைக்கு மாம்பழ மஞ்சள், கரைக்குக் கிளிப்பச்சை என்று சங்கம் குறித்துக் கொடுத்தால், குறித்தபடியே நெய்து கொடுப்பதுதான் தொழில் நாணயம். பயிர்த் தொழில் செய்வோர் நிலையும் இதுவே. மிளகாய் பழுத்ததா, தக்காளி பறிக்கும் பதத்துக்கு வந்ததா, நெற்பயிரின் இலை வெளிறியதா, பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள குறி எந்த நிறத்தது என்பனவெல்லாம் கண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால் எல்லாருடைய கண்ணும் நிறங்களை ஒன்றுபோலக் காண்பதில்லை. இந்த விஷயம் நமது சங்கங்களில் பேசப்படுவதே இல்லை. பேசப்படாமையால் வரும் நஷ்டம் சிலருடைய கூலியிலும், சில இடங்களில் உயிரிலும் போய் விடிகிறது. ஆதலின் இம்மாதப் பாடத்துக்கு இதனையே எடுத்துக்கொண்டேன்.

இக்குறையை ‘நிறக்குருடு’ என்று வழங்குகிறார்கள். பொருத்தமற்ற பெயர். இக்குறையுடையவர் குருடர் அல்லர். நூலின் மெல்லிய இழையை நம்மைப்போலவே காண்கிறார். நிறங்களையும் பெரும்பாலும் காண்கிறார். சில நிறங்களுக்கிடையே உள்ள பேதம் மட்டும் அவருக்குப் புலப்படுவதில்லை. உலகமே கறுப்பு வெளுப்பாகத் தோன்றும் குறையும் உண்டு. அது மிகவும் அரிது. நாம் இங்கே பேசுவது அதைப்பற்றி அன்று.

குறை எங்கே இருக்கிறது?

கண்ணின் பின்புறத் திரையில் கூம்பு வடிவமான நுண்ணிய உறுப்புகள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. அவை மூன்று வகைப்படும். ஒரு வகை ஒளியின் நீண்ட அலைகளையும், இன்னொரு வகை நடுத்தர அலைகளையும், மூன்றாவது வகை குறுகிய அலைகளையும் சிறப்பாக வாங்கிக்கொள்கின்றன. இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை நிச்சயிக்கிறது. முதலிரண்டு வகைகளில் ஒன்று பிறவியிலேயே இல்லாமற் போனாலோ, மாறுபட்டு அமைந்தாலோ, சிவப்பையும் பச்சையையும் சேர்ந்த நிறங்களில் குழப்பம் நேரும். முதல் வகை கெட்டவருக்குச் சிவப்பு இருண்டு, ஏறக்குறைய கறுப்பாகவே தோன்றக்கூடும். இரண்டாம் வகை கெட்டவருக்கு அந்த இருட்டு இல்லை. ஆனால் குழப்பம் உண்டு.

நம்முடைய புடவை நிறங்களில் சொல்வதானால், அரக்கு, பாக்கு நிறம், அடர்பச்சை ஆகிய மூன்றும் அவர்களுக்கு ஒரே குடும்பமாகத் தோன்றும். கத்தரிப்பூ நிறம் நீலத்தோடு கலந்துவிடும். வெளிர்ரோஜாவும் சாம்பலும் ஒன்றாகும். கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் அருகருகே வரும். நீலத்தையும் மஞ்சளையும் அவர்கள் ஒருபோதும் மயங்குவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்களுக்கு ஒருவர் இக்குறையுடையவர். பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர். நமது நாட்டு ஆண்களிடையே விகிதம் அதைவிடக் குறைவு. எனினும் சில நூறு ஆண் அங்கத்தினர்களைக் கொண்ட ஒரு சங்கத்தில் இத்தகையோர் சிலராவது இருப்பர் என்று கணக்கிடுவதே முறை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த வித்தியாசம் ஏன்? இக்கூம்புகளை ஆக்கும் மரபணுக்கள் எக்ஸ் என்னும் குரோமோசோமில் அமைந்துள்ளன. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று, தாயிடமிருந்து கிடைப்பது. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடும். எனவே குறையுடைய தந்தை அதனைத் தம் மகனுக்குக் கொடுப்பதில்லை. மகள் வழியாக அது பேரனிடம் வெளிப்படும். ஒரு பையனுக்கு இக்குறை இருக்குமோ என்று ஐயுற்றால், அவனுடைய தாய்வழிப் பாட்டனாரையும் தாய்மாமனையும் விசாரிப்பது பயன் தரும். நமது குடும்பங்களில் அக்காள் மகளை மணப்பது வழக்கம். குறையுடைய தாய்மாமனுக்கு, அக்குறையை மறைவாகச் சுமக்கும் அக்காள் மகள் மனைவியாக வாய்த்தால், பிறக்கும் பெண்குழந்தைக்கும் குறை வெளிப்பட இடமுண்டு. ‘பெண்களுக்கு இது வராது’ என்று எவரும் சொல்லிவிடலாகாது.

நெசவாளி மகன் கண்டுபிடித்தது

இக்குறையைப்பற்றி முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன் என்பது நமக்கெல்லாம் ஒரு தனி மகிழ்ச்சி. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்ட்டனே அவர். 1766-இல் இங்கிலாந்தின் வடமேற்கே ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1792-இல் ஒரு ஜெரேனியப் பூவை அவர் பகலில் பார்த்தபோது வானநீலமாகத் தோன்றியது. இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதே பூ சிவப்பாகத் தோன்றியது. நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்களுக்கு அத்தகைய மாறுதல் எதுவும் தெரியவில்லை. அவருடைய சகோதரர் ஒருவர் மட்டும் தமக்கும் அப்படியே தோன்றுகிறது என்றார். அப்போதுதான் தம் கண் பிறர் கண் போன்றதன்று என்பதை டால்ட்டன் அறிந்தார். அவருக்கு அப்போது வயது 26! 1794-இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவ சபையில் இதைக் குறித்து அவர் பேசினார்.

தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச்சாயம் ஏறியிருப்பதே காரணம் என்று டால்ட்டன் எண்ணினார். தாம் இறந்தபின் கண்களை அறுத்துப் பார்க்கும்படியும் ஏற்பாடு செய்தார். 1844-இல் அவர் காலமானதும் அவ்வாறே பார்க்கப்பட்டது. திரவம் தெளிவாகவே இருந்தது. மிஞ்சிய கண்பகுதி பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது; 1995-இல் விஞ்ஞானிகள் அதிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, நடுத்தர அலைகளை வாங்கும் கூம்பு வகையே அவருக்கு இல்லை என்று கண்டனர். காரணத்தில் அவர் தவறினார். ஆனால் குறையைக் கண்டதில் தவறவில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத் தக்கது அந்த 26 என்னும் எண். அவ்வளவு கூரிய அறிவுடையவருக்கே தம் குறை தெரிய அத்தனை ஆண்டுகள் சென்றன. பிறந்தது முதல் ஒருவிதமாகவே கண்டு வருபவர், பிறரும் அவ்வாறே காண்கிறார்கள் என்று எண்ணுவது இயற்கை. வானம் நீலம், இலை பச்சை, குங்குமம் சிவப்பு என்று பெயர்களையும் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார். ஆகவே ‘இது என்ன நிறம்?’ என்று கேட்டுப் பரீட்சிப்பதில் பயனே இல்லை.

நூற்சிட்டத்தால் நடந்த சோதனை

ரெயில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பின்னரே இக்குறை பிறர் உயிரைத் தொடும் விஷயமாயிற்று. சிவப்பு விளக்கு நில் என்றும் பச்சை விளக்கு செல் என்றும் சொல்லும்போது, இரண்டையும் பிரித்தறியாதவர் என்ஜினில் நின்றால் என்னாகும்? எடின்பரோ நகரத்து ஜார்ஜ் வில்சன் 1855-இலேயே இந்த எச்சரிக்கையை எழுதினார். அதிகம் செவிசாய்த்தவர் இல்லை.

1875 நவம்பரில் சுவீடன் நாட்டில் லாகெர்லுண்டா என்னுமிடத்தில் இரவு நேரத்தில் இரண்டு ரெயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். உப்சாலா பல்கலைக்கழகத்து உடலியல் பேராசிரியர் பிரித்தியோப் ஹோம்கிரென், விபத்துக்கு நிறபேதம் அறியாமை காரணமாக இருக்கலாம் என்று கருதினார். அடுத்த ஆண்டு உப்சாலா–யேவ்லே ரெயில் பாதையின் ஊழியர் 266 பேரைச் சோதித்தார். 13 பேரிடம் குறை இருக்கக் கண்டார். லாகெர்லுண்டா விபத்துக்கு அதுதான் காரணம் என்பது உறுதியில்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் வாதிட்டுள்ளனர். ஆயினும் சோதனை நிலைத்துவிட்டது. பல நாட்டு ரெயில்வேக்களும் கப்பல் நிர்வாகங்களும் அதனைக் கைக்கொண்டன.

அவர் எதைக்கொண்டு சோதித்தார் தெரியுமா? கம்பளி நூற்சிட்டங்களைக் கொண்டு! பல நிறச் சிறு சிட்டங்களை மேசைமேல் குவித்துவைத்து, வெளிர்பச்சைச் சிட்டம் ஒன்றைத் தனியே காட்டி, ‘இதன் நிறத்தைச் சேர்ந்தவற்றையெல்லாம், அடர்த்தியானாலும் வெளிறியிருந்தாலும், பொறுக்கி வையும்’ என்பார். நிறத்தின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. குறையுடையவர் பச்சையோடு சாம்பலையும் வைக்கோல் நிறத்தையும் தயக்கத்துடன் சேர்த்து வைப்பார். அந்தத் தயக்கத்தையும் ஹோம்கிரென் குறித்துக்கொள்வார். பாவு கட்டும் வீட்டில் நூல் பொறுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இச்சோதனையின் நுட்பம் விளங்காமற் போகாது.

இது பூரணமான சோதனை அன்று, சிலர் தப்பிவிடுவார்கள். 1917-இல் ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட படங்களே இன்று உலகெங்கும் பழக்கத்தில் உள்ளன. பலநிறப் புள்ளிகளுக்கிடையே ஓர் எண் மறைந்திருக்கும். சாதாரணக் கண்ணுக்கு ஓர் எண்ணும், குறையுடைய கண்ணுக்கு வேறோர் எண்ணும் தெரியும். அல்லது எதுவும் தெரியாது. படத்தைப் பகல் வெளிச்சத்தில், 75 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, மூன்று விநாடிக்குள் சொல்லச் செய்யவேண்டும். நிறம் மங்கிய பழைய புத்தகமும், கைபேசித் திரையில் வரும் படமும் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவை. நமது ரெயில்வேயில் என்ஜின் ஓட்டுவோருக்கு இப்படங்களோடு எட்ரிட்ஜ்-கிரீன் என்பவர் பெயரால் வழங்கும் விளக்குச் சோதனையும் உண்டு.

மறைப்பதால் வரும் ஆபத்து

சோதனை இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தைக் கூறவேண்டும். 1996 பிப்ரவரி 9-ஆம் தேதி காலையில் நியூ ஜெர்சி மாநிலத்தில் செக்காக்கஸ் அருகே இரண்டு பயணி ரெயில்கள் மோதின. இரண்டு டிரைவர்களும் ஒரு பயணியும் இறந்தனர். 150-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஒரு டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சென்றிருந்தார். அவருக்குப் பிறவிக்குறை இல்லை. நீரிழிவு நோயால் கண்திரை கெட்டு, நிறமறியும் சக்தி குன்றியிருந்தது. ஆண்டுதோறும் நடந்த மருத்துவப் பரிசோதனைகளில் தம் நோயை அவர் தெரிவிக்கவில்லை. பரிசோதித்த மருத்துவர் பயன்படுத்திய முறையும் நிறபேதத்தைச் சரியாக அளக்கத் தக்கதாக இல்லை என்று விசாரணைக் குழு கண்டது.

அந்த டிரைவர் கெட்ட மனிதர் என்று எண்ண நமக்கு உரிமை இல்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஒரு குடும்பஸ்தரை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதை நாம் நம் ஊரிலேயே காணலாம். சொல்பவருக்குத் தண்டனை தவிர வேறெதுவும் கிடைக்காத இடத்தில் எவரும் சொல்லமாட்டார்கள். இவ்விஷயத்தில் நான் கண்டறிந்த முடிவு இதுவே, மற்றதெல்லாம் விவரங்கள்.

2002 ஜூலையில் அதே நாட்டில் டாலஹாசி விமான நிலையத்தில் ஒரு சரக்கு விமானம் இரவில் தாழ்ந்து வந்து ஓடுபாதைக்கு முன்னரே மரங்களில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த மூவரும் காயங்களுடன் பிழைத்தனர். இறங்கும் உயரம் சரிதானா என்பதை ஓடுபாதையோரத்தில் உள்ள வெள்ளை, சிவப்பு விளக்குகள் காட்டும். துணை விமானியின் நிறக்குறை, களைப்பு முதலிய பிற காரணங்களோடு சேர்ந்த ஒரு காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அவர் எதையும் மறைக்கவில்லை. குறை தெரிந்தும் விலக்குப் பெற்றுப் பணியாற்றியவரே. எனவே தாராளமாக விலக்களிப்பதும் தீர்வாகாது. எந்த வேலையில் எந்த இடத்தில் நிறம் ஒன்றே வழிகாட்டியாக இருக்கிறது என்று ஆராய்ந்து விலக்களிக்க வேண்டும்.

நமது நாட்டிலும் அண்மைக் காலத்தில் இந்த ஆராய்ச்சி நோக்கு வளர்ந்து வருகிறது. 2020 ஜூனில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லேசான குறையும் நடுத்தரக் குறையும் உள்ளோர் வாகனம் ஓட்ட உரிமம் பெறலாம் என்று வகுத்தது. கடுமையான குறைக்கு அந்தச் சலுகை இல்லை. சாலை விளக்கில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயும் நிற்பதால், நிறம் தெரியாவிட்டாலும் இடம் தெரிகிறது. 2022-இல் பூனா திரைப்படக் கல்லூரியின் வகுப்புகளில் இக்குறை காரணமாக மாணவரை விலக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அங்கே முடிவாயிற்று. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரை, நிறக்குறை கண்டு, வேலை இல்லை என்று திருப்பியிருந்தார்கள். அவர் செய்யக்கூடிய பணிகளை ஆராய்ந்து தக்க ஏற்பாட்டுடன் வேலை தரவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. இக்குறை ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் இல்லாதது என்பதைத் தெரிந்துகொண்டே நீதிபதிகள் அவ்வாறு உத்தரவிட்டது குறிப்பிடத் தக்கது.

ஒரு சங்கத்தின் பதிவேடு

நான் சோதனைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், குறைத்துணிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே அங்கத்தினர் பெயரில் நான்கு மாதத்தில் ஐந்து புடவைகளுக்குக் கூலிப் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர் மீது ஒரு பிடித்தமும் இல்லை. ‘வயதாகிவிட்டது, கவனம் போய்விட்டது’ என்றார்கள் நிர்வாகிகள். கவனக்குறைவு என்றால் தவறு எல்லா நிறத்திலும் விழவேண்டும் அல்லவா? இங்கே ஐந்து தவறும் அரக்குக்கும் அடர்பச்சைக்கும் இடையேயும், ரோஜாவுக்கும் சாம்பலுக்கும் இடையேயும் மட்டுமே விழுந்திருந்தன. நீலத்திலும் மஞ்சளிலும் ஒன்றுகூட இல்லை.

அவரைத் தனியே அழைத்துப் பேசினேன். வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, ‘நான் தறியில் உட்காருவேன் ஐயா, தார் எல்லாம் வீட்டுக்காரி சுற்றி வரிசையாக எடுத்துக் கொடுப்பாள். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது’ என்றார். இத்தனை ஆண்டும் இருவரும் வெளியே சொல்லாமல் நடத்தி வந்திருக்கிறார்கள். அந்த அம்மையாரின் கண்ணும் இவருடைய கையும் சேர்ந்தே அவ்வளவு நல்ல புடவைகள் ஆகியிருந்தன. பிடித்தம் செய்த கூலியை எந்த விதிப்படி திருப்பிக் கொடுப்பது என்று நிர்வாகக் கமிட்டி அன்று மாலை நெடுநேரம் விவாதித்தது. கடைசியில் கொடுத்தார்கள்.

இப்போது அவர் தறியருகே அறைகள் தடுத்த ஒரு தார்ப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண். திட்டத்தாளிலும் நிறத்தின் பெயரோடு அதே எண். சங்கத்திலிருந்து நூல் கொடுக்கும்போதே சிட்டத்தின் கட்டுநூலில் எண்ணுக்கேற்ற முடிச்சுகள் போட்டுத் தருகிறார்கள்: அரக்குக்கு ஒன்று, அடர்பச்சைக்கு இரண்டு, பாக்கு நிறத்துக்கு மூன்று. தார் சுற்றித் தரும் பக்கத்து வீட்டுப் பெண் குச்சிகளை அந்தந்த அறையிலேயே இட்டுச் செல்கிறாள். செலவு என்று சொல்லத்தக்கது பெட்டி ஒன்றுதான்.

சாயப்பட்டறை வேறு விஷயம். அங்கே நிறத்தை ஒப்பிட்டு ‘சரி’ என்று சொல்வதே வேலை. அதற்கு எண்ணோ முடிச்சோ உதவாது. நிறக்குறையுடையவரை அந்த ஒரு பொறுப்பில் வைப்பது அவருக்கும் நல்லதன்று, சங்கத்துக்கும் நல்லதன்று. சாயத்தை நிறுத்தல், கொதிநீரின் சூடு பார்த்தல், அலசுதல், உலர்த்தல் எல்லாவற்றையும் அவர் செய்யலாம். இடையே ஒரு வார்த்தை: குறையற்ற கண்ணும் சாயப்பட்டறையில் ஏமாறும். குழல்விளக்கின் கீழ் ஒத்துப்போன இரண்டு சிட்டங்கள் வெயிலில் பார்த்தால் வேறுபடும். வடக்கு நோக்கிய சன்னல் வெளிச்சத்தில் இருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நூலைப் பட்டறையிலிருந்து வெளியே விடுவது எந்தச் சங்கத்துக்கும் தகும்.

குறையுடையவருக்கு ஈடாக ஒரு சிறப்பும் உண்டு என்று 1992-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் கண்டனர். பலநிறக் கலப்பினால் மறைக்கப்பட்ட நெசவமைப்பு மாறுதல்களைச் சாதாரணக் கண் தவறவிடும்போது, இரு நிறக் கண் கண்டுபிடித்துவிடுகிறதாம். நிறம் அவர்கள் கவனத்தைக் கலைப்பதில்லை. கட்டம்போட்ட துணியில் அச்சுத் தவறு, விழுது மாற்றம் ஆகியவற்றைப் பார்க்கும் வேலையில் இத்தகையோரை வைத்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. நிறைவேற்றிய சங்கம் எதையும் இதுவரை காணவில்லை.

விளைநிலத்திலும் விசையிடத்திலும்

உழவர்களுக்கு முதலாவதாகச் சொல்லவேண்டியது பூச்சிமருந்து. ஒவ்வொரு புட்டியின் மேலும் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கிறார்கள். அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறம் விஷத்தின் வேகத்தைக் காட்டும்: மிகக் கொடியது சிவப்பு, அடுத்தது மஞ்சள், பின்னது நீலம், எல்லாவற்றிலும் தணிந்தது பச்சை. தலைகீழாகச் சொன்னால், சிவப்பையும் பச்சையையும் மயங்குபவர் மிகக் கொடியதையும் மிகத் தணிந்ததையும் மயங்குகிறார்! இதை எதிர்பார்த்தே சதுரத்தின் மேல்பாதியில் வேறு அடையாளமும் விதித்திருக்கிறார்கள். சிவப்பில் மண்டையோடும் எலும்புகளும், விஷம் என்ற சொல்லும். மஞ்சளில் விஷம் என்ற சொல் மட்டும். நீலத்தில் அபாயம் என்ற சொல். பச்சையில் எச்சரிக்கை என்ற சொல். ஆகவே பண்டகசாலையில் மருந்து கொடுப்பவர் ‘பச்சைக்குறி மருந்து’ என்று நிறத்தால் சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடவேண்டும். மேல்பாதிச் சொல்லை வாசித்துக் காட்டி, மண்டையோடு இருந்தால் விரலால் தொட்டுக் காட்டவேண்டும். வேறு புட்டியில் ஊற்றிக் கொடுப்பது எவ்வகையிலும் கூடாது.

நெல்லுக்குத் தழைச்சத்து இடும் காலத்தை அறிய இலை வண்ண அட்டை வைத்துப் பார்ப்போர், ஐயமிருந்தால் வீட்டில் வேறொருவரையும் பார்க்கச் சொல்லலாம். பழுத்த மிளகாயும் தக்காளியும் இலைக்கூட்டத்துக்கிடையே இவர்கள் கண்ணுக்குச் சட்டென்று எழுந்து நிற்பதில்லை. பறிக்கையில் பின்தங்கும் ஆளைச் சோம்பேறி என்று வையும் மேஸ்திரிகள் இதனை அறியவேண்டும்.

விசைத்தறியும் பம்புசெட்டும் உள்ள இடத்தில் மின்கம்பியின் நிறம். மும்முனை மின்சாரத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றும், நடுக்கம்பிக்குக் கறுப்பு, நிலக்கம்பிக்குப் பச்சை என்றும் நம் நாட்டில் வழங்குகிறோம். சிவப்பு இருண்டு தோன்றும் கண்ணுக்கு உயிர்க்கம்பியும் நடுக்கம்பியும் ஒன்றாகத் தெரியக்கூடும். நிலக்கம்பிக்குப் பச்சையும் மஞ்சளும் கோடிட்ட கம்பியை வாங்குவது நல்லது; கோட்டை எந்தக் கண்ணும் காணும். மற்றவற்றின் முனைகளில் எழுத்துப் பொறித்த குழாய் மாட்டச் சொல்லுங்கள். கம்பியைத் தொடுமுன் சோதனை விளக்கால் பார்ப்பது யாவருக்கும் பொது விதி.

பிறவியில் இல்லாது பின்னர் வருவது

பிறவிக்குறைக்கு இன்றுவரை மருந்து இல்லை. 2009-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அணில்குரங்குகளுக்கு மரபணு செலுத்தி நிறமறியச் செய்தது உண்மை. மனிதருடைய இக்குறைக்கு அது சிகிச்சையாக வந்துவிடவில்லை. நிறக்கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டும். சாதாரணக் கண்ணைத் தந்துவிடா. சூரணத்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோரிடம் பணம் கொடுக்கவேண்டாம்.

பின்னர் வரும் குறையோ அப்படியன்று. விரைந்து கண்டால் பலவற்றைத் தடுக்கலாம். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் போவதால் கருநீலமும் கறுப்பும், வெள்ளையும் இளமஞ்சளும் குழம்பும்; புரைக்கு அறுவை செய்தபின் தெளியும். நீரிழிவும் கண்ணழுத்த நோயும் நிறத்தைக் கெடுக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பியூட்டால் என்னும் மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். அப்போது சிவப்பும் பச்சையும் மங்குவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது நோயை முற்றவிடும். டாக்டரிடம் உடனே சொல்வதே வழி.

இதற்கு நம் தொழிலிலேயே ஒரு கருவி இருக்கிறது. நல்ல சிவப்புச் சிட்டம் ஒன்றை வீட்டில் மாட்டிவைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், வலக்கண்ணை மூடி இடக்கண்ணாலும், இடக்கண்ணை மூடி வலக்கண்ணாலும் அதைப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மறு கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகவும் தோன்றினாலோ, இரண்டு கண்ணுக்குமே முன்னிலும் மங்கித் தோன்றினாலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண்பிரிவுக்கு மறுநாளே செல்லுங்கள். உண்டுவரும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.